அம்மா சொன்ன பெயர்கள்

நாச்சியார்கோயிலில் ஐப்பசி பிறந்துவிட்டால் பட்டறைகளுக்கு ராத்திரி பகல் கிடையாது. தீபாவளிக்குக் கொஞ்சம், அதன் பின்னாலேயே வரும் கார்த்திகைக்கு நிறைய என்று குத்துவிளக்கு ஆர்டர் குவியும். காவிரி வண்டலில் அச்சு எடுத்து, உருக்கிய பித்தளையை ஊற்றி, ஆறவிட்டு உடைத்தால், கருத்துப்போய்ச் சொரசொரவென்று ஓர் உருவம் வெளியே வரும். அதைக் கடைசலில் மாட்டிச் சுழலவிட்டு உளியை வைக்க வேண்டும். கருப்பு சுருள் சுருளாக உரிந்து விழ, உள்ளிருந்து மஞ்சள் பளபளப்பு எழுந்து வரும். அந்தக் கடைசல் வேலைதான் அப்பாவுக்கு. விளக்குத் தண்டில் மோதிரம் மோதிரமாக வரி ஓடுகிறதே, அதைப் போடுவதில் எங்கள் தெருவில் அவருக்குத் தனிப் பேர் இருந்தது.

பேர் கெட்டதும் அந்த வரியில்தான். 1981இல் மதுவிலக்கைத் தளர்த்திச் சாராயக் கடைகள் திறந்தபோது நான் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. உலைச் சூட்டில் பகல் முழுக்க வெந்தவர்கள் உடம்பு வலிக்கென்று சாயங்காலம் கடைப்பக்கம் போனார்கள். அப்பாவும் போனார். சாயங்காலம் போனவர் சில வருஷத்தில் காலையிலேயே போக ஆரம்பித்தார். குடிக்காவிட்டால் கை நடுங்கும். நடுங்குகிற கையில் உளி நிற்காது. உளி நிற்க வேண்டுமென்றால் குடிக்க வேண்டும். தெருவில் அதற்குக் கொழுப்பு என்று பெயர் வைத்தார்கள். சாராயம் நரம்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் மூளை அதற்கு எதிராகத் தன்னை முடுக்கிவைத்துக்கொள்கிறது என்பதும், சாராயம் இறங்கியதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சிக் கையையும் உடம்பையும் ஆட்டுகிறது என்பதும் எங்களுக்கு அப்போது யார் சொல்லியும் தெரியாது. முதலாளி திருப்பிக் கொடுத்துவிட்ட ஒரு விளக்கு வீட்டுப் பரணில் வெகுநாள் கிடந்தது. தண்டில் மூன்று வரி நேராக ஓடும். நாலாவது வரி பாதி வட்டத்தில் மேலே ஏறி, தடுமாறி, இறங்கி, தான் புறப்பட்ட இடத்தைச் சேராமலே நின்றுவிடும்.

அந்த நாளில் பண்டிகை என்றாலே எங்கள் வீட்டில் பயம். தீபாவளி போனஸ் கொடுக்கிற அன்று பட்டறை வாசலில் பெண்கள் காத்து நிற்பார்கள். அம்மாவும் நிற்பாள், இடுப்பில் தம்பியோடு. அப்பா பின்பக்கச் சந்து வழியாகப் போயிருப்பார். மறுநாள் விடியற்காலையில் தெருவெல்லாம் சீனிவெடி வெடிக்க, நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்போம். எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அம்மா எங்களை எழுப்புவாள். தலையில் எண்ணெய் வைக்கும்போது அவள் கை ரொம்ப மெதுவாகப் போகும், அவசரமாகக் குளித்துவிட்டு வெளியே ஓட எங்களுக்குப் புதுத்துணி இல்லை என்பது தெரிந்தமாதிரி.

குடியை விட அவர் முயலவில்லை என்று சொன்னால் அது பொய். கோயிலில் சத்தியம் செய்தார், கையில் கயிறு கட்டிக்கொண்டார். கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டார். மாலை கழுத்தில் இருக்கிறவரை தொடாமல் இருந்து, கழற்றிய அன்றே போய்விடுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அப்பாவுக்கு ஒரு வருஷம் அதுவும் நடக்கவில்லை. அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டிருந்த உடம்பில் திடீரென்று நிறுத்தியதில், மாலை போட்ட இரண்டு மூன்று நாளிலேயே வலிப்பு வந்து திண்ணையிலிருந்து விழுந்தார். ஊர் அதைச் சாமி குற்றம் என்றது. அப்படி நிறுத்துவதை டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதைப் பின்னால் மஞ்சக்குடியில் நடந்த ஒரு சிகிச்சை முகாமில்தான் முதல்முதலாகக் கேட்டோம்.

குடியால் கணவரை இளம் வயதிலேயே பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் குடிநோயாளிகளுக்காக ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பட்டணத்துக்கு வர முடியாதவர்களுக்காக அவர்களே எண்பதுகளின் கடைசியில் குடவாசலுக்குப் பக்கத்து மஞ்சக்குடிக்கு வந்து முகாம் போட்டார்கள். அப்பாவைச் சித்தப்பா சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனார். மருந்து மாத்திரை கொஞ்ச நாள்தான். மிச்ச நேரமெல்லாம் பேச்சு. இது ஒழுக்கக்கேடு இல்லை, நோய். நோய் என்பதால் மருந்தும் உண்டு, பத்தியமும் உண்டு என்று சொன்னார்கள். அப்பா பின்னாளில் சொல்வார்: "என்னை நோயாளின்னு சொன்ன அன்னிக்குத்தான் பாப்பா, நான் மனுசன்னு எனக்கே தோணுச்சு."

வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அப்பாவிடம் ராத்திரி படுக்குமுன் அன்றைக்குக் கிடைத்த நல்லதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஆலோசகர் அம்மாவையும் ஒன்று சொல்லச் சொன்னார். அம்மா வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"எனக்கு இவருக்கு நன்றி சொல்ல ஒண்ணும் இல்லைங்க சார். சாமிக்கும் இல்லை. அரிசிக்கடை பாய்க்கு வேணா சொல்றேன். அவருதான் புள்ளைங்க பசிக்கு, கேக்காம அளந்து போட்டாரு."

அம்மா அன்றைக்குச் சொன்னதைவிட நியாயமான ஒரு பதிலை நான் இதுவரை கேட்டதில்லை. குடித்தவன் திருந்தினான் என்றதும், பக்கத்தில் இருந்து சீரழிந்தவளும் உடனே சிரித்த முகத்தோடு கைகூப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நன்றி அவளிடமிருந்து வசூலிக்க வேண்டிய பாக்கி இல்லை. ஆலோசகர் நல்லவர். "சரிங்கம்மா, அவரு பேரையே எழுதிக்கட்டும்" என்றார். அப்பா நோட்டைத் திறந்து முதல் வரியில் அரிசிக்கடை பாய் என்று எழுதினார். ஐந்தாவது வரை படித்த கையெழுத்து, நடுக்கம் போகாத கை.

அந்த நோட்டு ஒரு நீளக் கணக்கு நோட்டு. பட்டறையில் கூலிக் கணக்கு எழுதுவது. அதில் அப்பா தன் மனசுக்குத் தோன்றிய நன்மைகளை எழுதுவதைச் சீக்கிரமே விட்டுவிட்டார். அவர் குடித்துக்கிடந்த வருஷங்களில் எங்களைத் தாங்கியவர் யார் யார் என்பது அவருக்குத் தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும். ஆகவே பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது நோட்டை எடுத்துவந்து அடுப்படி வாசலில் உட்காருவார். "சொல்லு" என்பார். அம்மா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. ஒரு தீபாவளிக்கு ஒரு பேர், சில வருஷம் இரண்டு. சில வருஷம், "இந்த வருசம் சொல்ற மாதிரி இல்லைங்க" என்று அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு காய் நறுக்கப் போய்விடுவாள். அப்பா வற்புறுத்த மாட்டார்.

பேர் கிடைத்ததும் அந்த வீட்டுக்குப் போவார். கைகூப்பி வசனம் பேசுகிறவர் அல்ல அவர். "விளக்கு எதுனா இருந்தா குடுங்க, கார்த்திகைக்குள்ள சரி பண்ணித் தர்றேன்" என்பார். பழைய வீட்டில் பழுதான விளக்கு இல்லாமல் இருக்காது. மரை தேய்ந்து தட்டு ஆடும், அன்னத்தின் மூக்கு ஒடிந்திருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறித் தண்டு கருத்திருக்கும். தட்டு தட்டாகக் கழற்றி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, மரையைப் புதிதாக வெட்டி, கடைசலில் ஒரு சுற்று பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். கூலி வாங்க மாட்டார். பாய் வீட்டில் குத்துவிளக்கு ஏது? அவர் கடைத் தராசின் பித்தளைத் தட்டு ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. அதை வாங்கிவந்து தட்டி நிமிர்த்தி, எடை பிசகாமல் சரிசெய்து கொடுத்தார்.

இது அவருக்கு மருந்தாகவும் இருந்தது என்பதை இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். குடியை விட்டவருக்குச் சாதாரண நாளைவிடப் பண்டிகை நாள்தான் கொடுமை. பட்டறை கிடையாது. கையில் காசு. வயிறு நிறைந்து பகல் தூக்கம் போட்டு எழுந்தால் சாயங்காலம் நாலு மணி வெறுமையாக முன்னால் நிற்கும். சரியாக அந்த நேரத்துக்குக் கூட்டாளிகள் வருவார்கள். "என்ன மாப்ள, வருசத்துக்கு ஒருநாளு, இன்னிக்கு என்ன ஆயிடப்போவுது?" அப்பாவை எனக்குத் தெரிந்து ரொம்பவும் பயமுறுத்திய வாக்கியம் அதுதான். பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நாலையும் அண்டவிடாதே என்று முகாமில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாலும் ஒன்றாக வந்து சேருகிற நாளென்றால் அது பண்டிகைதான். அதனால் முதலாளி போனஸ் பணத்தை அம்மா கையில்தான் கொடுக்க வேண்டும் என்று அப்பாவே ஏற்பாடு செய்தார். சட்டைப்பையில் கடலைமிட்டாய் வைத்திருப்பார். மூன்று மணிக்கே விளக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, என்னையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு, அந்த வருஷத்துப் பேருக்குரிய வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். கூட்டாளிகள் வரும்போது வீட்டில் இருக்க மாட்டார்.

அங்கிருந்து பஸ் பிடித்துக் கும்பகோணம். ஒரு பள்ளிக்கூட அறையில், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம். 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் குடியால் எல்லாம் இழந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிக்கொண்டதில் பிறந்த வழக்கம் அது. எங்கேயோ இரண்டு பேர் பேசிக்கொண்டது, தீபாவளி சாயங்காலத்தில் மழைத் தண்ணீர் சொட்டும் ஓட்டுக் கட்டடத்தில் பஸ் டிரைவரும் வாத்தியாரும் கடைசல்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதற்கு வழி செய்திருக்கிறது. அந்த நாட்டில் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இந்தக் குழுவினர் இரவு பகலாகத் தொடர் கூட்டம் நடத்துவார்களாம். கும்பகோணத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடத்தினார்கள். நான் வெளித் திண்ணையில் உட்கார்ந்து முறுக்கு தின்பேன். உள்ளே பேசுவது கேட்கும். இங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. ஆகவே மற்றவர்கள் பேசியதை நான் எழுத மாட்டேன். அப்பா பேசியதை எழுதலாம். அவர் சொன்னார்:

"எங்க ஊரு கல்கருடனைப் பாத்திருப்பீங்க. சன்னதியிலேர்ந்து எடுக்கிறப்ப நாலு பேரு தூக்குவாங்க. அடுத்தாப்புல எட்டு, அப்புறம் பதினாறு, முப்பத்திரண்டு. வெளில வர வர பாரம் ஏறிக்கிட்டே போவும். நானும் அப்படித்தாங்க. வூட்டுக்குள்ள நாலு பேரோட நின்னுருக்க வேண்டிய பாரம். ஊரே தூக்கும்படி ஆயிருச்சு. தூக்குனவங்க பேரு எனக்குத் தெரியலை. ஒவ்வொருத்தரா விசாரிச்சுக்கிட்டிருக்கேன்."

1990இல் அரசே மலிவு விலை மது என்று கொண்டுவந்தது. அப்பா விட்டு அதிக நாள் ஆகாத நேரம். அடுத்த ஆண்டே அதை மூடினார்கள் என்றாலும், நடுவில் வந்த பொங்கலில் அப்பா சறுக்கிவிட்டார். காணும் பொங்கலன்று வெளியே போனவர் ராத்திரி வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டு முதல் பஸ்ஸில் கும்பகோணம் போனார். அவர்கள் "வாங்க, உக்காருங்க" என்றார்களாம். அவ்வளவுதான். சறுக்கியவனை வரவேற்க ஓர் இடம் இருந்ததால்தான் எங்கள் அப்பா எங்களுக்கு மிஞ்சினார். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி வந்துவிடும். அம்மா காலைக் காப்பியோடு அதைக் கொடுப்பாள். அவள் எதிரிலேயே விழுங்கி வாயைத் திறந்து காட்டுவார். இருமல் மருந்து வாங்கினால் சீட்டை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். அரிஷ்டம் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது; அது புளித்து ஊறுகிறபோதே அதில் சாராயம் உண்டாகிவிடும். தீபாவளி லேகியத்தில் அந்தப் பயம் இல்லை. சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், மிளகு, தனியா எல்லாம் இடித்து, வெல்லப் பாகில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளற வேண்டும். கிளறுவது அப்பா வேலை. உருளியைவிட்டு லேகியம் சுருண்டு வரும்வரை கரண்டியை நிறுத்தாமல் ஒரே சீராகச் சுற்றுவார். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நடுக்கம் போய்விட்டதா என்று பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். அது போய்ப் பல வருஷம் ஆகியும் அவள் பார்த்தாள்.

2003 நவம்பரில் அரசு நிறுவனமே தெருத் தெருவாகச் சில்லறைக் கடை நடத்தத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் ஒரு கடை வந்தது. திருவள்ளுவர் நாள் என்பதால் மாட்டுப் பொங்கலுக்குக் கடை கிடையாது; அதனால் பெரும்பொங்கல் சாயங்காலமே அங்கே திருவிழாக் கூட்டம் நெரியும். தீபாவளிக்கு விடுமுறையும் கிடையாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் எவ்வளவு விற்றது என்று மறுநாள் செய்தியில் சாதனை மாதிரிச் சொல்வார்கள். அந்தச் செய்தி வந்தால் அப்பா எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார். அப்பாவைப் போன்றவர்களுக்கு அந்தத் தொகை ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் கதவு சாத்திய தீபாவளி. இதை இத்தனை ஆண்டுகளாக ஆண்ட எல்லாரும் தெரிந்துதான் செய்தார்கள், எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. கடையைத் தாண்டிப் போகாமலிருக்க அப்பா குளக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார், முழங்கால் வலியோடு.

அம்மா கடைசியாகச் சொன்ன பேர் ஒரு தையல்காரருடையது. அப்பாவுக்கு அப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் கல்யாணமாகித் தலைதீபாவளியெல்லாம் கடந்து, என் பிள்ளையோடு ஊருக்கு வந்திருந்தேன். அடுப்படி வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் அம்மா அதைச் சொன்னாள். ஒரு வருஷம் எனக்குப் புதுத்துணி இல்லையென்று தெரிந்து, அந்தத் தையல்காரர் தன் கடையில் விழுந்த வெட்டுத்துணிகளைச் சேர்த்து ஒரு பாவாடை தைத்து, இருட்டோடு இருட்டாக வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். எனக்கு அந்தப் பாவாடை நன்றாக நினைவிருக்கிறது. மேலே பச்சை, கீழே ஊதா, நடுவில் மூட்டுத் தெரியாமலிருக்கச் சரிகை நாடா. அம்மாவே வாங்கியது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

"ஏன் இவ்வளவு நாளு சொல்லலை?" என்று அப்பா கேட்டார்.

"அன்னிக்கு அவரு முன்னாடி நான் அழுதுட்டேங்க. உங்ககிட்ட சொன்னா அந்த அழுகையையும் சொல்லணும்" என்றாள் அம்மா.

தையல்காரர் அப்போது உயிரோடு இல்லை. அவர் மகன் வீட்டுக்கு அப்பா போனார், நானும் கூடப் போனேன். அந்த வீட்டில் இருந்ததும் எங்கள் ஊர் விளக்குதான். மரை நன்றாக இருந்தது, அன்னமும் உடையவில்லை. சரிசெய்ய ஒன்றுமே இல்லை. அப்பா வாசலிலேயே உட்கார்ந்து அதைத் தட்டு தட்டாகக் கழற்றித் துடைத்துத் துடைத்து மறுபடி பூட்டினார். விஷயம் என்னவென்று அந்தப் பையனுக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன். அவன் உள்ளே போய் இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்தான்.

அன்று ராத்திரிதான், எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, அம்மா தானே நோட்டைக் கேட்டு வாங்கினாள். அவளுக்கு எழுத வராது. "பாப்பா, நீ எழுது" என்றாள். அப்பாவின் பேரைச் சொன்னாள். புருஷன் பேரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அப்பா முற்றத்தில் என் பிள்ளைக்குச் சாட்டை கொளுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது கேட்கவில்லை. கேட்கும்படி சொல்லவும் இல்லை அவள்.

அப்பா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மாவும் பின்னாலேயே போய்விட்டாள். எங்கள் தெருவில் பட்டறைகள் குறைந்துவிட்டன. அப்பாவின் கடைசல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அரிசிக்கடை பாயின் பேரன் வெளிநாட்டில் இருக்கிறான். நோட்டில் அம்மா சொன்ன பேர்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றில் இன்று உயிரோடிருப்பவர் யாரும் இல்லை.

இந்தத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ குடியை விட்ட ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருவார். அவரை வேளைக்குச் சாப்பிடவையுங்கள், தனியே உட்காரவிடாதீர்கள், கையில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுங்கள். "இன்னிக்கு ஒருநாள் மட்டும்" என்று யாராவது ஆரம்பித்தால் அவரை நிறுத்துங்கள். அவர் மனைவியிடம் போய், இனியாவது சந்தோஷமாக இரு என்று புத்தி சொல்லாதீர்கள். இன்னும் விட முடியாமல் தவிப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், சத்தியம் வாங்குவதற்கும் மாலை போடச் சொல்வதற்கும் முன்னால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால், போதை மீட்புக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் கட்டணமில்லாத தொலைபேசி எண் 14446.